பதினொரு மணிக்குப் பிறகும் எரிந்த விளக்கு

உடைக்கிறவர்கள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். ஆறு ஆட்கள், ஆறு சுத்தியல்கள். தொலைபேசி நிலையத்தின் நீண்ட கூடத்தில் பாதி இயந்திரங்கள் முந்தின வாரமே செத்துப்போயிருந்தன. மீதிப் பாதிக்கு அன்று பதினொரு மணிக்குப் புது இயந்திரம் பொறுப்பேற்கும் வரைதான் ஆயுள். செத்த பாதியை அடித்து நொறுக்கி லாரியில் ஏற்றுவது அந்த ஆறு பேரின் வேலை. இரும்பு அலமாரிகளின் முட்டியில் முதலில் அடிப்பார்கள். அலமாரி முன்பக்கமாகச் சாய்ந்ததும் வயிற்றில் அடிப்பார்கள். உள்ளிருந்து வண்ண வண்ணமாக ஒயர்கள் சரிந்து தரையில் விழும். ஒவ்வொரு அடிக்கும் உயிரோடிருந்த பாதி நடுங்கியது.

"பக்கத்துல ஒருத்தன வெட்டும்போது அடுத்தவன் எப்படி நிப்பானோ, அப்படி நிக்குது பாரு," என்றார் ஊளைக்காரர்.

ஒயர்க்காரி எப்போதுமே பேச்சில் கஞ்சம். அன்று அவள் கண் முழுக்கக் கடிகாரத்தில் இருந்தது.

அவள் வேலை செய்தது கூடத்தை ஒட்டிய ஃபிரேம் அறையில். எல்லா வீட்டுத் தொலைபேசிக் கம்பிகளும் அங்கே ஒரு பெரிய இரும்புச் சட்டத்தில் வந்து முடியும். ஒரு வீட்டுக்கு ஒரு சோடிக் கம்பி, ஒரு சோடிக்கு ஒரு இரும்புப் பின். பின்னை உருவினால் அந்த வீட்டுத் தொலைபேசி பிணம். பக்கத்து மேசையில் சோதனை பார்ப்பவர்தான் ஊளைக்காரர். யாராவது ரிசீவரைச் சரியாக வைக்காமல் போனால் அரை நிமிடத்தில் அவர் மேசையில் அந்த எண்ணுக்கான விளக்கு எரியும். உடனே அவர் ஒரு குமிழைத் திருகுவார். அந்த வீட்டு ரிசீவரில் மெல்லத் தொடங்கி, ஏறி ஏறி, காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஊளை கிளம்பும். வீட்டுக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து ரிசீவரை வைப்பார்கள். இருபத்தாறு வருடம் இதைச் செய்ததில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

இரும்புச் சட்டத்தில் நானூற்றுப் பதினேழாவது பின்னில் மட்டும் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. கட்டியவள் ஒயர்க்காரி. அது அவளுடைய அக்கா வீட்டுச் சோடி. கணக்கில் அப்படி ஒரு இணைப்பே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பே துண்டிக்கப்பட்டதாகப் பதிவாகிவிட்டது.

அதைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் அக்கா புருஷன். ஃபைபர் எனும் கண்ணாடி நூல் வழியாகப் பேச்சு வரும் புதுத் தொலைபேசிப் பெட்டிகளை வீடு வீடாகப் பொருத்துவது அவன் வேலை. கெட்டிக்காரன். தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி நூல் இரண்டை அவன் விரல் ஒட்டினால் ஒட்டின இடம் பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. அந்த விரல்களைப் பற்றி அவனுக்குப் பெருமை. தன் தெருவில் முதல் பெட்டியைத் தன் வீட்டில்தான் பொருத்தினான்.

பழைய தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்து பேட்டரியிலிருந்து கம்பியோடு கம்பியாக வரும். வீடு இருட்டில் கிடந்தாலும் அது பேசும். புதுப் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். இதை அவனை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? அடிப்பதென்று தீர்மானித்தால் முதலில் வாசல் கதவைத் தாழிடுவான். அப்புறம் மெயின் சுவிட்சை இறக்குவான். பெட்டியின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்வரை நின்று பார்ப்பான். அதன் பிறகுதான் சட்டைக் கையை மடிப்பான். அக்காவின் கைப்பேசியை அவன் ஏற்கெனவே அம்மிக்கல்லில் வைத்து நசுக்கியிருந்தான்.

"இப்ப யாரக் கூப்பிடுவ? கூப்பிடேன் பாப்போம்," என்று சிரிப்பானாம்.

அடித்துக் களைத்ததும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பொந்தில் அவளைத் தள்ளி வெளியே தாழ் போடுவான், களைப்பு தீர்ந்ததும் மறுபடி வெளியே இழுத்து அடிப்பான். குனிந்துதான் உள்ளே போக முடியும். பழைய சாக்குகளும் உடைந்த மரச்சாமான்களும் கிடக்கும் இருட்டறை. அக்காவுக்கு அங்கே இரண்டு விலா எலும்பு உடைந்தும் கிடந்த நாள் உண்டு. காவல் நிலையத்தில் அக்காவும் தங்கையும் இரண்டு முறை போய்ச் சொன்னார்கள். இரண்டு முறையும், "குடும்ப விஷயம், பேசித் தீத்துக்குங்க," என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் ஒயர்க்காரி அந்தக் காரியத்தைச் செய்தாள். அவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், பழைய கம்பியை இரும்புக் குழாய்க்குள் விட்டு அந்தப் பொந்துக்குள்ளேயே கொண்டுபோனாள். சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய கறுப்புத் தொலைபேசியை வைத்தாள். சுவரில் மோதினால் சுவர் உடையும், அப்படிப்பட்ட தொலைபேசி. மணியை மட்டும் கழற்றிவிட்டாள்.

"பேசவே வேணாம்க்கா. ரிசீவர எடுத்துக் கீழ போட்டுரு. எனக்கு வெளக்கு எரியும். நான் வந்துருவேன்."

"வந்து?"

"கதவத் தட்டுவேன். ஆள் வந்தா நிறுத்திருவாருல்ல?"

இரண்டு தடவை விளக்கு எரிந்தது. இரண்டு தடவையும் ஊளைக்காரர் தேநீர் குடிக்கப் போன நேரம். ஒயர்க்காரி ஓடிப்போய்க் கதவைத் தட்டி, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமா," என்று நின்றாள். அடி நின்றது. ஆனால் வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. ஊளைக்காரரிடமும் சொல்லவில்லை. சொந்த அக்கா அடி வாங்குவதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று கூச்சம். கணக்கில் இல்லாத இணைப்பை வைத்திருப்பது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த வாய்தான் அன்று அக்காவைக் கொல்லப் பார்த்தது.

பதினொரு மணிக்குப் பழைய இயந்திரம் நின்றால் சிவப்பு நூல் கட்டிய அந்த இரும்புப் பின்னும் வெறும் இரும்புதான். அதற்குப் பிறகு அக்கா அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அன்று பத்தரைக்கு அவன் வேலைக்குக் கிளம்பியதும் அக்கா ஒரு பையோடு நேரே நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பை பொந்துக்குள் தயாராக இருந்தது.

பத்து இருபத்தைந்துக்குப் புது இயந்திரத்தின் எஞ்சினியர் அவளை பேட்டரி அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும்.

"பதினொண்ணுக்கு இந்த ஃபியூஸ உருவுறோம். டவர் லைனும் அப்பவே மாறுது. கைப்பேசி எல்லாம் கால் மணி நேரம் செத்துக் கிடக்கும். யாரும் பதற வேணாம்."

"சார், புது மெஷின்ல ரிசீவர எடுத்து வச்சா வெளக்கு எரியுமா?"

"எதுக்கு? அதுவே அந்த லைன ஓரமா ஒதுக்கி வச்சிரும். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"யாருக்குமே தெரியாதா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?" என்றார் எஞ்சினியர், பட்டியலில் ஒரு கோடு போட்டபடி.

அவள் திரும்பி வரும்போது பத்து முப்பத்தெட்டு. ஃபிரேம் அறை வாசலிலேயே ஊளைக்காரரின் உற்சாகக் குரல் கேட்டது.

"பாரும்மா கூத்த. லிஸ்ட்லயே இல்லாத நம்பர் ஒண்ணு எரியுது. நானூத்திப் பதினேழு. பேய் ரிசீவர எடுத்து வச்சிருக்கு போல. விட்டேன் பாரு ஊளை, முழு சத்தத்துல. இதான் என் கடைசி ஊளை."

ஒயர்க்காரி பாய்ந்து அவர் கையைக் குமிழிலிருந்து தட்டிவிட்டாள். சோதனை ரிசீவரைப் பிடுங்கி, அதன் இரண்டு கவ்விகளையும் சிவப்பு நூல் கட்டிய பின்னில் மாட்டிக் காதில் வைத்தாள். ஊளைக்காரரும் தலையை ஒட்டிக் கேட்டார்.

முதலில் கேட்டது மூச்சு. அக்காவின் மூச்சு அல்ல. கனமான, குனிந்து நகர்கிற மூச்சு. சாக்குகள் இழுபடும் சத்தம்.

"இங்கயா வச்சிருக்க? கூடவே இருந்து குழி பறிச்சிருக்க. பைய ஒளிச்சு வச்ச, சரி. போனுமா?"

தூரத்தில், வீட்டுக் கூடத்திலிருந்து, அக்காவின் முனகல். வாய்க்குள் ஏதோ உடைந்த மாதிரி ஒரு முனகல்.

ஒயர்க்காரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவன் பையைப் பார்த்துவிட்டான். அக்கா எப்படியோ பொந்துக்குள் நகர்ந்து ரிசீவரை எடுத்துப் போட்டிருக்கிறாள். அவன் அவளை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு அடித்திருக்கிறான். இருட்டில் தொலைபேசி அவன் கண்ணில் படவில்லை. அதன் பிறகுதான் ஊளை. அதைத் தேடிக்கொண்டு அவன் இப்போது பொந்துக்குள் இருக்கிறான். ஊளைக்காரர் காட்டிக் கொடுத்துவிட்டார். இல்லை, காட்டிக் கொடுத்தது அவள்தான். ஆறு மாதம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவள் அவள்தானே.

அப்போது ரிசீவரில் ஒரு பெரிய மோதல். மரக் கதவு மரச் சட்டத்தில் மோதும் சத்தம். அதைத் தொடர்ந்து, துருப்பிடித்த இரும்பு இரும்பில் உரசிக்கொண்டு போய் விழும் சத்தம்.

தாழ்ப்பாள். அக்கா அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.

"ஏய்!" கதவில் ஒரு உதை. "தொறடி. தொறந்தா உசுரோட விடுறேன்." இன்னொரு உதை. பிறகு கை தரையைத் துழாவியது. ரிசீவரை எடுத்தது. அவன் குரல் ஒயர்க்காரியின் காதுக்குள்ளேயே வந்தது.

"யாரு லைன்ல?"

அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"எக்ஸ்சேஞ்சா? சார், பொண்டாட்டிக்குப் புத்தி சரியில்ல, என்ன உள்ள வச்சுப் பூட்டிட்டா. யாரையாச்சும் அனுப்புங்க சார்."

"அக்கா எங்க மாமா?"

அவன் சிரித்தான்.

"ஒயர்க்காரியா? அதான பாத்தேன். உன் அக்கா தரையில கிடக்கா. எந்திரிக்க மாட்டா. நான் வெளிய வந்ததும் மிச்சத்த முடிச்சிட்டு உன்னப் பாக்க வரேன். ரெண்டு பேருக்கும் ஒரே குழி போதும்."

ஒயர்க்காரி ரிசீவரை ஊளைக்காரர் கையில் திணித்தாள். கேட்டதில் அவர் முகத்திலிருந்த கேலி வடிந்திருந்தது.

"உன் அக்காவா? ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்த..."

"போலீசுக்குச் சொல்லுங்க. இந்த லைன மட்டும் விட்டுராதீங்க."

கூடத்தின் வழியாக ஓடியவள் நடுவில் குனிந்து தரையில் கிடந்த ஒரு சுத்தியலைத் தூக்கிக்கொண்டாள். "யம்மா, அது என்னுது," என்று ஒருவன் கத்தினான்.

ஏழு நீண்ட தெரு. சுத்தியல் ஐந்து கிலோவாவது இருக்கும். இரண்டாவது தெருவில் கைப்பேசி அடித்தது.

"போலீசுக்குச் சொல்லியாச்சு," என்றார் ஊளைக்காரர். "வரேன்னுதான் சொல்றான். நீ ஓடு, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். தோளால இடிக்கிறான். தாழ்ப்பாள் தாங்குது."

"அக்கா சத்தம்?"

"இல்லம்மா."

மூன்றாவது தெருவில் ஒரு வண்டியில் மோதி முழங்கால் கிழிந்தது. எழுந்து ஓடினாள்.

"இப்ப என்னமோ கிணுங்குனு தரையில விழுந்துச்சு. ஸ்க்ரூவா இருக்கும். ஒண்ணு போச்சு. இரு, ரிசீவரைக் கையில எடுக்கிறான்." குமிழ் திருகும் சத்தம். "விட்டேன் அவன் காதுல. முழுசா. கத்துறான். போனத் தூக்கிச் சுவத்துல அடிக்கிறான். அடிடா, அடி, அது உங்க அப்பன் காலத்துப் போன்டா. இன்னும் ஊளை போய்க்கிட்டுத்தான் இருக்கு. காதப் பொத்திக்கிட்டான்னு நினைக்கிறேன், இடிக்கிறது நின்னுருக்கு."

ஐந்தாவது தெரு. "திரும்ப இடிக்கிறான். பலகை விரியுற மாதிரி ஒரு சத்தம். ரெண்டாவது ஸ்க்ரூ. அம்மா, சீக்கிரம் போ. உள்ள எதையோ எடுத்து அடிக்கிறான், மரக்கட்டையா..."

குரல் பாதியில் அறுந்தது. கைப்பேசியைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. மணி பதினொன்று.

மீதி இரண்டு தெருவை அவள் எதுவும் தெரியாமல் ஓடினாள். தாழ் நிற்கிறதா, விழுந்ததா. அக்கா இருக்கிறாளா. ஆறு மாதமாக ஒரு விளக்கைப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது கேட்டதெல்லாம் தன் நெஞ்சு அடிக்கும் சத்தம் மட்டும்தான்.

வாசல் கதவு தாழிட்டிருந்தது. தட்டவில்லை. சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லப்போவதும் இல்லை. உடைக்கிறவர்கள் அலமாரியை அடிப்பதைப் பார்த்திருந்தாள். முதலில் முட்டி. கீழ்க் கீலில் அடித்தாள். அப்புறம் மேலே. மூன்றாவது அடியில் கதவு உள்ளே சாய்ந்தது.

வீடு இருட்டாக இருந்தது. பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. தரையில் ரத்தம் நீளமாக இழுபட்டிருந்தது, யாரோ ஈரத்துணியால் அரைகுறையாகத் துடைத்த மாதிரி. அந்தத் தடம் மாடிப்படிக்கு அடியில் போய் முடிந்தது. அங்கே அக்கா பொந்தின் கதவில் முதுகைச் சாய்த்து, எதிர்ச் சுவரில் இரண்டு காலையும் உதைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. உதடு பிளந்து முகவாய் வரை தொங்கியது. இடது கை வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது. கதவு அவள் முதுகில் அடி அடியாக விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள் தலை முன்னால் துள்ளியது. உள்ளே, கதவுக்குப் பின்னால், இன்னமும் மெல்லிசாக அந்த ஊளை கேட்டது.

பதினொரு மணி தாண்டியும் கேட்டது.

"ஏன்டி இவ்வளவு நேரம்," என்றாள் அக்கா. பல் இல்லாத இடத்தில் வார்த்தை குழறியது.

"ஓடித்தான் வந்தேன்."

"தாழ்ப்பாள் போயிருச்சு. இப்ப நான்தான் தாழ்ப்பாள். காலு மரத்துப்போச்சு."

மேல் பலகை நீளவாக்கில் பிளந்தது. பிளவு வழியாக ஒரு கை வெளியே வந்தது. தடவிப் பார்த்து, அக்காவின் கூந்தலைக் கண்டுபிடித்து, சுற்றிப் பிடித்துப் பின்னால் இழுத்தது. அக்காவின் தொண்டை மேல்நோக்கி வளைந்தது. சத்தம் வரவில்லை, மூச்சு மட்டும் கரகரத்தது. மற்றொரு கை மரக்கட்டையின் கூர்முனையைப் பிளவுக்குள் நுழைத்து, கழுத்தைத் தேடியது.

ஒயர்க்காரி சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கினாள். முடியைப் பிடித்திருந்த கை பலகையின் விளிம்பில் அழுந்தியிருந்தது. கண்ணாடி நூலை ஒட்டுகிற விரல்கள் அவை. அடித்தாள்.

உள்ளே அவன் அலறினான். மரக்கட்டை விழுந்தது. விரல்கள் திறந்தன, அக்கா நழுவித் தரையில் சாய்ந்தாள். அத்தோடு போதும். அக்காவைக் காப்பாற்ற அந்த ஒரு அடி போதும். கை இப்போது பிளவில் மாட்டிக்கொண்டு உள்ளே போகமுடியாமல் துடித்தது.

"விட்டுரு, விட்டுரு கண்ணு," என்றான் அவன். அவளை அப்படி அவன் கூப்பிட்டதே இல்லை.

அவள் இரண்டாவது தடவை அடித்தாள். மூன்றாவது தடவை. நான்காவது அடிக்குப் பிறகு அடிக்க அங்கே கை என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

காவலர்கள் வந்தபோது அக்காவின் தலை ஒயர்க்காரியின் மடியில் இருந்தது. ஒரு காவலர் வழக்கம்போல, "குடும்ப விஷயம்..." என்று ஆரம்பித்தார். பிறகு பொந்தைத் திறந்து பார்த்து நிறுத்திக்கொண்டார். உடைந்த தொலைபேசியின் ரிசீவர் சாக்குகள் மேல் கிடந்தது. ஊளை நின்றிருந்தது. அதிலிருந்து மிகச் சின்னதாக ஒரு மனிதக் குரல் வந்தது. காவலர் அதை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஐயா, நான் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து பேசறேன்," என்றது குரல். "பத்து முப்பத்தெட்டுல இருந்து ஒண்ணு விடாம கேட்டுக்கிட்டு இருக்கேன். எழுதியும் வச்சிருக்கேன்."

என்ன நடந்ததென்று எஞ்சினியர் பிறகு ஒயர்க்காரியிடம் சொன்னார், குறை சொல்லாமலும் மெச்சாமலும். பதினொன்றுக்கு அவர் ஃபியூஸை உருவப் போனபோது ஊளைக்காரர், நீளக் கம்பியில் கட்டிய ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு சுத்தியலோடு பேட்டரி அறை வாசலில் நின்றாராம். "இதத் தொட்டா உங்க புது மெஷினத் தொடுவேன் சார்," என்றாராம். டவரும் மற்ற எல்லா இணைப்புகளும் புது இயந்திரத்துக்குப் போய்விட்டன. பழைய இயந்திரம் முழுதும் ஒரே ஒரு விளக்குக்காக இருபத்தொரு நிமிடம் ஓடியது.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தாடையில் கம்பி கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் ஊளைக்காரர் வந்தார். ஒரு நோட்டை ஒயர்க்காரியிடம் நீட்டினார். பழுதுகளைக் குறிக்கிற நோட்டு. எந்தச் சத்தம் கேட்டாலும் நேரம் போட்டு எழுதுவது அவர்கள் பழக்கம். அதன் நகலைக் காவல் நிலையத்திலும் கொடுத்துவிட்டாராம். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்களாம்.

அவள் படித்தாள். 10.38, விளக்கு. 10.41, கதவு, தாழ்ப்பாள். 10.43, கொலை மிரட்டல், வார்த்தைக்கு வார்த்தை. 10.49, முதல் ஸ்க்ரூ. 10.57, இரண்டாவது. 11.03, வாசலில் மூன்று அடி. 11.04, பெண் குரல், 'ஏன்டி இவ்வளவு நேரம்'. 11.06, பெண்ணின் மூச்சுத் திணறல். கதவில் ஒரு அடி. ஆணின் அலறல்.

அதற்குக் கீழே ஒரு வரிதான் இருந்தது. அவன் கெஞ்சியது இல்லை. மற்ற மூன்று அடிகளும் இல்லை. அவள் நிமிர்ந்து ஊளைக்காரரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

11.07, லைனில் இரைச்சல்.